குழந்தைகள் சொன்னதை ஆண்டு முழுக்கச் சேர்த்து வைக்க

ஆண்டு முடிவில் உறவினர்களுக்கு அனுப்பும் குடும்பத் தொகுப்பை எழுத உட்காரும்போது, பிள்ளை ஏதோ வேடிக்கையாகச் சொன்னது நினைவிருக்கும். சொன்ன வார்த்தை மறந்திருக்கும். அதனால் அன்றே குறித்துவிடுங்கள். அப்பா, அம்மா இருவரும் திறக்கக்கூடிய ஒரே பொதுக் குறிப்பு போனில் இருந்தால் போதும்.

ஒவ்வொரு பதிவிலும் தேதி, வயது (3 வருடம் 4 மாதம் என்று மாதத்தோடு), அதற்கு முன் நீங்கள் கேட்ட கேள்வி, பிள்ளை சொன்ன பதில் இருக்கட்டும். கேள்வியை விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது சிரிப்பே வராது. மழலையைத் திருத்தாதீர்கள். 'தக்காளி'யை 'கத்தாளி' என்றால் அப்படியே எழுதுங்கள், அழகே அதில்தான். "இன்னொரு தடவை சொல்லு" என்று போனை நீட்டினால் பிள்ளை நடிக்கத் தொடங்கிவிடும். தானாகப் பேசும்போது 20 விநாடி ஒலிப்பதிவு போதும்.

தொகுப்பில் சேர்க்கும் படங்களை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் அழிந்துவிடும். எனவே எடுத்தவரின் போனிலிருந்து அசலை வாங்குங்கள். 4×6 அங்குல அச்சுக்கு 1200×1800 பிக்சல் இருந்தால் தெளிவாக வரும்.

டிசம்பரில், மாதத்துக்கு இரண்டு பதிவுகள் மட்டும் தேர்ந்தெடுங்கள். படுக்கையை நனைத்தது, பயந்து அழுதது போன்றவை வேண்டாம். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் முதலில் படித்துக்காட்டுங்கள். பிள்ளை வேண்டாம் என்று சொல்வதை எடுத்துவிட்டுப் பிறகு உறவினர்களுக்கு அனுப்புங்கள்.