வேதி வாய்பாடு எழுதப் பழகுவோம்: மந்த வாயுவிலிருந்து தொடங்குங்கள்

வாய்பாடுகளை உருப்போட வேண்டாம் என்பதே என் கட்சி. இணைதிறன் (ஓர் அணு இழக்கும், ஏற்கும் அல்லது பகிரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவற்றை நீங்களே எழுதிவிடலாம். தனிம வரிசை அட்டவணையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். குறியீடுகளை வாயால் சொல்லும் விதத்திலேயே இங்கே தருகிறேன்.

படி 1: 18ஆம் தொகுதியைப் பாருங்கள். மந்த வாயுக்கள் இங்கேதான் இருக்கின்றன: ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான். இவற்றுக்கு வெறும் குறியீடே வாய்பாடு: எச்இ, என்இ, ஏஆர். கீழே எண் கிடையாது. வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரான்கள் (ஹீலியத்துக்கு 2) நிறைந்திருப்பதால் அணுக்கள் தனித்தே திரிகின்றன. ஆக்சிஜனும் நைட்ரஜனும் இரண்டிரண்டு அணுக்களாக இருப்பவை. ஆகவே ஓ₂, என்₂. மந்த வாயு வினையே புரியாது என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். 1962இல் நீல் பார்ட்லெட் செனான் சேர்மத்தை உருவாக்கிக் காட்டினார். செனான் சேர்மங்களில் ஒன்று செனான் டைஃபுளுரைடு: எக்ஸ்இஎஃப்₂.

படி 2: மற்ற தனிமங்கள் பெரும்பாலும் வெளிக்கூட்டின் அந்த நிறைவை எட்டுவதற்காகவே எலக்ட்ரான்களை இழக்கின்றன, ஏற்கின்றன, பகிர்கின்றன. சோடியம் 1, கால்சியம் 2, அலுமினியம் 3 இழக்கும். குளோரின் 1, ஆக்சிஜன் 2 ஏற்கும்.

படி 3: உலோகத்தை முதலில் எழுதி, எண்களைக் குறுக்காக மாற்றுங்கள். அலுமினியத்தின் 3 ஆக்சிஜனுக்குக் கீழே, ஆக்சிஜனின் 2 அலுமினியத்துக்குக் கீழே: ஏஎல்₂ஓ₃. இழந்தது 2×3=6, ஏற்றது 3×2=6. கணக்கு நேரானால் வாய்பாடும் சரி.

படி 4: எண்களைச் சுருக்குங்கள். மெக்னீசியம் ஆக்சைடு எம்ஜி₂ஓ₂ என்று வரும்; எம்ஜிஓ என்றே எழுத வேண்டும். இது அயனிச் சேர்மங்களுக்கான (எலக்ட்ரான்களை இழந்தும் ஏற்றும் உருவாகுபவை) விதி. ஹைட்ரஜன் பெராக்சைடின் எச்₂ஓ₂ ஒரு முழு மூலக்கூறு, அதில் கைவைக்கக் கூடாது.

படி 5: அடைப்புக்குறி. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், நிதானமாகப் பாருங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடில் ஹைட்ராக்சைடு (ஓஎச் என்ற அணுத்தொகுதி, மின்சுமை எதிர் 1) இரண்டு முறை வருகிறது. சிஏஓஎச்₂ என்று எழுதினால் அந்த 2 ஹைட்ரஜனை மட்டுமே சேரும். ஆக்சிஜன் ஒன்றாகக் குறைந்துவிடும். சிஏ(ஓஎச்)₂ என்று எழுதினால்தான் ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2. அதே ஹைட்ராக்சைடு சோடியத்துடன் ஒரு முறைதான் வருவதால் என்ஏஓஎச். அங்கே அடைப்புக்குறி தேவையில்லை.

இப்போது அலுமினியம் சல்பேட்டை எழுதிப் பாருங்கள். சல்பேட் எஸ்ஓ₄, அதன் மின்சுமை எதிர் 2, அதாவது 2 எலக்ட்ரான் ஏற்றது. எண்ணிப் பார்க்கும்போது அலுமினியம் 2, கந்தகம் 3, ஆக்சிஜன் 12 வர வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் ஐந்தாம் படியை மறுபடி பாருங்கள்.