ஊட்டி உறைபனி பார்க்க ஒரு சனி, ஞாயிறு: இருவர் பயணத்துக்கான செய்முறை

போன ஜனவரியில் நானும் என் கணவரும் ஊட்டி உறைபனியைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்கு முந்தைய வருடமும் இதே ஆசையோடு போய், இரண்டு நாளும் நடுங்கிவிட்டு, பனியைப் பார்க்காமலே திரும்பியிருந்தோம். எங்கே பிசகியது என்று இப்போது தெரிகிறது.

ஊட்டிக்கு எப்படிப் போவது என்பது உங்களுக்கே தெரியும். சொந்த வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் வாங்கும் அனுமதியான இ-பாஸ் மட்டும் கிளம்பும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், அரசுப் பேருந்துக்கு அது வேண்டாம். மலை ரயில் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆகும். இரண்டே நாள் பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம்.

படி 1: வானத்தைப் பார்த்து நாளைக் குறியுங்கள்

நாங்கள் முதல் முறை கோட்டைவிட்டது இங்கேதான். டிசம்பரில் போனோம், நல்ல குளிர், ஆனால் இரவு முழுக்க மேகம். பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் வானத்துக்கு விட்டுவிட வேண்டும். அப்போதுதான் புல்நுனி 0 டிகிரிக்குக் கீழே போகும். மேகம் இருந்தால் அது போர்வை போலச் சூட்டைத் தடுத்துவிடும். காற்று அடித்தாலும் காரியம் கெட்டுவிடும், மேலே உள்ள சூடான காற்று கீழே வந்து கலந்துவிடும். ஆகவே இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, மரக்கிளை அசையாமல் நின்றால் அலாரம் வைத்துவிட்டுப் படுக்கலாம்.

வானிலை ஆப்பில் 3 டிகிரி என்று காட்டினால் மனம் தளர வேண்டாம். காற்றின் வெப்பத்தைத் தரையிலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயரத்தில் அளக்கிறார்கள். அப்படிப்பட்ட இரவில் புல் மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். மாதத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு ஜனவரிக்குத்தான். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் மேகம் மிச்சம் இருக்கும்.

படி 2: அறை பிடிக்கும்போது ஒரு கேள்வி

போனில் "ஹீட்டர் இருக்கா?" என்று கேட்டோம். "இருக்கு" என்றார்கள். போய்ப் பார்த்தால் குளியலறையில் வெந்நீர் போடும் ஹீட்டர்! "ரூம் ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் காசா?" என்று விளக்கமாகக் கேளுங்கள். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை கிடைத்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். சத்தம் இல்லை, ஃபேன் ஹீட்டர் அளவுக்குத் தொண்டையும் காயாது.

அடுப்புக்கரியை மட்டும் எக்காரணம் கொண்டும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். யாராவது அன்போடு தணல் சட்டி கொடுத்தாலும் வெளியிலேயே வைத்துக் குளிர்காயுங்கள். மூடிய அறையில் அந்தத் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலை ஊர்களில் இப்படி இறந்தவர்கள் உண்டு.

படி 3: உடை

உள்ளே தெர்மல், மேலே கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்று புகாத ஜெர்கின். ஒரே தடித்த கோட்டைவிட இந்த மூன்றும் சேர்ந்துதான் உதவும். உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் ஈரமானால் அதுவே குளிரும். ஸ்வெட்டர் இல்லையென்றால் தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர் கடைகளில் வாங்கலாம். ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று எடுத்துப் போங்கள். படுக்கும் முன் கால்மாட்டில் வைத்தால் போதும், என் கணவர் இப்போது அது இல்லாமல் மலைக்குக் கிளம்புவதில்லை. குடிக்க ஸ்டீல் ஃபிளாஸ்க். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது.

படி 4: விடியற்காலை

குளிர்ந்த காற்று கனம் அதிகம், பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மேட்டு வியூ பாயின்ட்டுகளை விட்டுவிட்டு, தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களின் புல்வெளிக்குப் போங்கள். ஆறேகாலுக்கே அங்கே இருக்க வேண்டும். வெயில் தொட்ட இடம் சில நிமிடத்தில் உருகிவிடும். நாங்கள் பார்த்தபோது புல், நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சீட், வேலிக் கம்பி எல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளை. இருவரும் பத்து நிமிடம் பேசவே இல்லை. அதே பனிதான் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் என்று பக்கத்தில் நின்ற பெரியவர் சொன்னார். அப்புறம் தோட்டத்துப் பக்கம் மிதிக்காமலே நடந்தோம்.

போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும்.

பின்சேர்க்கை 1: கார் கண்ணாடியில் பனி உறைந்துவிட்டதே என்று ஒருவர் எழுதியிருந்தார். வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். வைப்பரையும் போடாதீர்கள், ரப்பர் கிழிந்துவிடும். வண்டியைத் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து, சூடான காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு பழைய பிளாஸ்டிக் கார்டால் மெதுவாகச் சுரண்டினால் வந்துவிடும்.

பின்சேர்க்கை 2: பைக்கில் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஊட்டி வரை பகலில் தாராளமாக வரலாம். விடியற்காலையில் மட்டும் வேண்டாம். ஓட்டும்போது அடிக்கும் காற்றில் விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்க வராது, நிழல் விழும் வளைவுகளில் ரோடும் வழுக்கும். அன்று காலைக்கு மட்டும் அறையிலேயே சொல்லி ஒரு டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள்.