விசைப் படம் வரையும்போது கேட்க வேண்டிய கேள்வி
விசைக் கணக்குக்குப் படம் வரையும்போது, விசையைக் காட்டும் ஒவ்வொரு அம்புக்குறியிடமும் கேளுங்கள்: இந்த விசையைத் தரும் பொருள் எது? பதில் கிடைக்காவிட்டால் அந்த அம்புக்குறியை அழித்துவிடுங்கள்.

மேலே எறிந்த பந்து கையை விட்டபின் அதை மேல்நோக்கித் தள்ளுவது எது? எதுவுமே இல்லை! பூமி இழுக்கிறது, காற்று சற்றுத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே பெற்ற வேகத்தால்தான் பந்து ஏறுகிறது. காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் குறையும். உச்சியில் வேகம் பூஜ்ஜியமாகும் கணத்திலும் முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) பூஜ்ஜியமாகாது. மாணவர்கள் தடுமாறும் இடம் இது.

மேசைமேல் உள்ள புத்தகத்தைப் பூமி இழுக்கிறது, மேசை தாங்குகிறது. இவ்விரண்டும் புத்தகத்தின்மீதே செயல்படுவதால், நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் இணை (விசையும் அதற்குச் சமமான எதிர்விசையும்) அல்ல. அந்த இணை எப்போதும் வெவ்வேறு பொருள்கள்மீதே செயல்படும்.