வெளியூர் சென்செய் வரும் ஐக்கிடோ முகாம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐக்கிடோவை, சொந்த டோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்று பழகியவர், ஷிஹான் (மூத்த ஆசான்) ஒருவர் வருகிறார் என்று மூன்று நாள் முகாமுக்குப் பெயர் கொடுக்கிறார். அங்கே ஒரு நாளுக்கே மூன்று நான்கு வகுப்புகள். ஒரு மாதப் பயிற்சி மூன்று நாளில் உடம்பில் இறங்குகிறது. கூடப் பழகுபவர்கள் முன்பின் தெரியாதவர்கள், பாணி புதிது, மெத்தையில் நெரிசல். இதில் நடக்கும் தவறுகள் பலவிதம் என்றாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: ஏற்கெனவே தெரிந்ததைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்க மனம் வராதது.

பெயரைக் கேட்டதும் பார்ப்பதை நிறுத்துவது

சென்செய் (ஆசிரியர்) 'இரிமி நாகே' என்று ஓர் எறிதலின் பெயரைச் சொல்கிறார். 'அட, இது நமக்குத் தெரிந்ததுதானே' என்று கண் ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. பிறகு இணை சேர்ந்ததும் அவரவர் ஊர் இரிமி நாகேயைச் செய்கிறார்கள். பணம் கட்டி, விடுப்பு எடுத்து, ரயிலேறி வந்து, வீட்டில் செய்வதையே செய்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஒரே பெயருக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதற்குக் காரணம் உண்டு. ஐக்கிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயேஷிபாவிடம் (1883–1969) மாணவர்கள் வெவ்வேறு காலத்தில் கற்றார்கள். 1932இல் சேர்ந்த கோசோ ஷியோதா பின்னாளில் யோஷின்கான் என்ற கிளையைத் தொடங்கினார். 1946இல் இவாமா என்ற ஊரில் சேர்ந்த மொரிஹிரோ சைதோ அங்கேயே தங்கிப் பழகினார். 1964இல் மாணவர்களில் தமுரா பிரான்ஸுக்கும், ததா இத்தாலிக்கும், யமதா நியூயார்க்குக்கும் போனார்கள். ஒவ்வொரு கிளையும் தன் போக்கில் வளர்ந்தது.

இதன் விளைவு பிடியிலேயே தெரியும். இவாமா மரபில் அடிப்படைப் பயிற்சி என்றால் உகே (தாக்கி, பிறகு விழுபவர்) மணிக்கட்டை அழுத்தமாகப் பிடித்து நிற்பார். நாகே (நுட்பத்தைச் செய்து எறிபவர்) நின்ற நிலையிலிருந்து தொடங்குவார். வேறு வகுப்புகளில் கை வந்து சேர்வதற்குள் நகர ஆரம்பிக்க வேண்டும். ஓட்டமாகக் காட்டிய ஒன்றுக்கு இரும்புப் பிடி கொடுத்தால் எதிரில் இருப்பவரால் அந்தப் பயிற்சியைச் செய்யவே முடியாது. அழுத்தப் பிடி கேட்ட இடத்தில் பூப்போலத் தொட்டாலும் அதே கதி. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்த உகே யாரையும் தடுத்து நிறுத்திவிடலாம். அதில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

சென்செய் பொதுவாக நான்கைந்து முறை காட்டுவார். எல்லாரும் ஒவ்வொரு முறையும் கையையே பார்க்கிறார்கள். பார்வையைப் பங்கு போட்டுக்கொண்டால் நிறையக் கிடைக்கும். முதல் முறை தாக்குதலை மட்டும் பாருங்கள்: எந்தக் கை, எந்தக் கால் முன்னால், எவ்வளவு தூரத்திலிருந்து. இரண்டாம் முறை நாகேயின் கால்கள். மூன்றாம் முறை உகேயின் இடுப்பும் குதிகாலும், அதாவது நிலை எந்தக் கணத்தில் குலைகிறது என்பது. கையைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

தாக்குதலை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதே பக்கக் கால் முன்வைத்து, வலக்கைக்கு வலக்கை பிடிப்பது ஐஹன்மி. எதிர்ப்பக்கக் காலோடு, வலக்கைக்கு இடக்கை பிடிப்பது க்யாகுஹன்மி. ஒன்றைக் காட்ட மற்றதைக் கொடுத்தால் காலடிகள் தலைகீழாகிவிடும். சென்செய் காட்டிய நுட்பம் அங்கே இருக்காது. இணையில் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றினால் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

பக்கத்தில் ஒரு குட்டி சென்செய்

ஒரு நுட்பத்துக்கு ஐந்திலிருந்து பத்து நிமிடம் கிடைக்கும். அதில் மூன்று நிமிடத்தை 'எங்கள் டோஜோவில் இப்படித்தான்' என்ற விளக்கம் தின்றுவிடுகிறது. இதைச் செய்பவர்கள் அதிகமும் புதிதாகக் கறுப்பு பெல்ட் கட்டியவர்கள். நான்கு முறை செய்து இடம் மாறுவது, வலம் இடம் இரண்டும், ஓமோதே (முன்பக்கம் நுழைவது) உரா (பின்பக்கம் சுழல்வது) இரண்டும். இந்தச் சுற்று வாய் திறக்காமல் ஓட வேண்டும். பேச வேண்டிய நேரம் ஒன்று உண்டு: தோள் வலி, பழைய காயம், உயரமாகத் தூக்கி எறிந்தால் விழத் தெரியாது என்பவை. அதை முதல் வணக்கம் முடிந்த கையோடு சொல்லிவிடுங்கள்.

ஊர்க்காரர்களோடு மட்டுமே இணை சேர்வது இன்னொரு வீண். காட்டி முடித்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு 'ஒனேகாய்ஷிமாஸ்' சொல்லி வணங்கி எழுங்கள். நண்பரைத் தேடி ஹாலைக் குறுக்கே கடப்பவருக்குக் கடைசியில் மிச்சம் இருப்பது மூவர் குழுதான்.

தெரியாத உடம்பைத் தெரிந்த வேகத்தில் எறிவது

காயங்கள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. பெல்ட் நிறத்தை வைத்து உகேமியை (விழும் திறனை) அளக்க முடியாது. ஒவ்வொரு புதிய இணையோடும் முதல் எறிதல் பாதி வேகத்தில் இருக்கட்டும். அவர் தாடையை மடக்குகிறாரா, விழும்போது மூச்சை விடுகிறாரா என்று பார்த்துப் பிறகு கூட்டலாம்.

மிகுந்த கவனம் வேண்டியது ஷிஹோ நாகே. உகேயின் முழங்கை மடங்கி, கை அவர் தோளுக்குப் பின்னால் போகிறது. அந்தக் கையை நாகே பிடித்திருப்பதால் தரையை அறைந்து விசையைக் குறைக்க வழியில்லை. பின்னந்தலை முதலில் போய் மோதும். நாகே செய்யும் தவறு இரண்டு. உகேயின் கையை அவர் தோளிலிருந்து விலக்கி வெளிப்பக்கம் இழுப்பது முதலாவது. அதில் முழங்கையும் தோளும் பிய்யும். கையை இறுகப் பிடித்தபடி நேர்கீழே குத்துவது இரண்டாவது. அதில் தலை அடிபடும். கை உகேயின் தோளை ஒட்டியே இருக்க, நாகே தன் முன்காலுக்கு அருகே இறங்கும்படி வெட்டி, அவர் உடம்பு தரையைத் தொடும்வரை கூடவே தணிந்து போக வேண்டும். உகே தன் பங்குக்குத் தாடையை நெஞ்சில் பதித்து, கண்ணைத் தன் பெல்ட் முடிச்சில் வைத்து, பின்காலை மடக்கிக் குதிகாலுக்கு அருகே உட்காருவதுபோல் இறங்க வேண்டும். நின்ற உயரத்திலிருந்து மரம் சாய்வதுபோல் சாயக் கூடாது.

நிக்யோ, சங்க்யோ போன்ற மணிக்கட்டுப் பூட்டுகளில் தாமதமாகத் தட்டுவது ('வலிக்கிறது, நிறுத்து' என்று சைகை காட்டுவது) முகாமுக்கே உரிய வியாதி. வெளியூர்க்காரர் முன் வலியைக் காட்டக் கூடாதாம். ஒரே மாலையில் எட்டுப் பேர் அதே மணிக்கட்டை முறுக்கினால் மறுநாள் காலை டம்ளர் தூக்கக் கை வராது. நூறு பேர் விழும் சத்தத்தில் மெத்தையைத் தட்டுவது காதில் விழாமல் போகலாம். எட்டினால் நாகேயின் உடம்பிலேயே இரண்டு முறை தட்டுங்கள். தட்டியதும் நாகே அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். 'முடித்துவிடுகிறேன்' என்று இன்னும் ஒரு அங்குலம் போவதற்கு எந்த மரபிலும் இடமில்லை.

நெரிசலில் எறியும் திசையை நாகேதான் பார்க்க வேண்டும், உகேக்கு முதுகில் கண் கிடையாது. கூட்டத்தின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி எறியுங்கள். பக்கத்து இணை எந்தக் கோட்டில் விழுகிறதோ அதற்கு இணையான கோட்டில் எறிந்தால் இரு உகேக்கள் மோத மாட்டார்கள். இடம் இல்லையென்றால் எறியாமல் நிலையைக் குலைத்ததோடு நிறுத்தலாம். மெத்தைகள் சேரும் இடைவெளியில் கால்விரல் மாட்டுவதும் சாதாரணம். பிளவு கண்ணில் பட்டால் உதைத்து மூடிவிட்டுத் தொடருங்கள்.

இரண்டாம் நாள் பிற்பகல்

முதல் நாள் உற்சாகத்தில் எல்லா எறிதலுக்கும் உயரமாகப் பறந்தவர்கள் இரண்டாம் நாள் மதியம் உருளும்போது தோளை நேராகத் தரையில் குத்துகிறார்கள். களைப்பில் முதலில் கெடுவது கழுத்தின் கவனம். காலை வகுப்புகளில் உருண்டு விழுந்து பலத்தைச் சேமியுங்கள். முடியாத நேரத்தில் ஒரு வகுப்பை ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது கௌரவக் குறைவு ஆகாது. அதற்கும், நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்து போவதற்கும் சென்செயிடமோ மூத்தவரிடமோ சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மெத்தையை விட்டு இறங்கினால் மயங்கி விழுந்தாயோ என்று தேடுவார்கள்.

முழங்கால் தனிக் கதை. வீட்டில் செய்ஸாவில் (மண்டியிட்டு அமரும் நிலையில்) ஐந்து நிமிடம் உட்காராதவர் முகாமில் ஒரு மணி நேரம் சுவாரி வாசா (மண்டியிட்டபடி செய்யும் நுட்பங்கள்) செய்தால் தோல் உரிந்து ரத்தம் வெள்ளை உடையில் தெரியும். முகாமுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வகுப்புக்கு மூன்று நிமிடம் முழங்கால் நடை பழகுங்கள். பைக்குள் மெல்லிய முழங்கால் உறை, விரலுக்கு டேப், நகவெட்டி. உடை குறைந்தது இரண்டு, மூன்று இருந்தால் நல்லது. வியர்வையில் ஊறிய கெட்டித் துணி ஒரே இரவில் காயாது.

மரியாதைகளில் அடிக்கடி விட்டுப்போவது: தாமதமாக வந்தால் ஓரத்தில் செய்ஸாவில் அமர்ந்து அழைக்கும்வரை காத்திருப்பது, பக்கத்து இணையைச் சென்செய் திருத்தும்போது உட்கார்ந்து கவனிப்பது, அவர் கை தட்டியதும் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று இழுக்காமல் நிறுத்துவது. வீடியோ எடுக்க நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஜோ, போக்கென், தேர்வு

ஜோவின் (மரக்கோலின்) நீளம் சுமார் 128 செ.மீ., போக்கென் (மரவாள்) சுமார் 102 செ.மீ. இரண்டையும் விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோக விட மாட்டார்கள். சரக்கில் போடும் வகையில் கட்டுங்கள். கீறல் விழுந்த ஜோவை இன்னொருவர் போக்கெனோடு மோதவிட்டால் சிம்பு கண்ணுக்குப் பறக்கும். ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் உள்ளங்கையால் நீவிப் பாருங்கள். சைதோவின் 31 அசைவு ஜோ கதாவை (தனிப் பயிற்சி வரிசையை) தெரிந்தவர் வேறு மரபு சென்செயின் வகுப்பு இடைவேளையில் அதைச் சுழற்றிக் காட்டுவது பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

சொந்த ஆசிரியரைத் தாண்டி, வெளியூரிலிருந்து வந்த ஷிஹானிடம் தேர்வு கேட்கக் கூடாது. ஐக்கிகாய் அமைப்பின் விதிப்படி ஷோதானுக்கு (முதல் நிலைக் கறுப்பு பெல்ட்டுக்கு) முதல் க்யூ (அதற்கு முந்தைய படி) வாங்கியபின் 70 நாள் பயிற்சியாவது வேண்டும், அந்தக் கணக்கு உங்கள் டோஜோவில்தான் இருக்கிறது.

நடத்துபவர்களுக்கு

பதிவுக் கட்டணத்தைப் பார்த்து எண்ணிக்கையை ஏற்றாதீர்கள். ஒரு இணைக்கு 8 சதுர மீட்டர் என்று வைத்தால் 200 சதுர மீட்டர் மெத்தையில் 25 இணை, 50 பேர். அதற்கு மேல் வந்தால் இரண்டு குழுவாக மாற்றி மாற்றி ஏற்றுங்கள். மொழிபெயர்ப்பவர் ஐக்கிடோ பழகியவராக இருக்கட்டும், சென்செய் சொன்னதைச் சுருக்கி மட்டும் சொல்லட்டும். நீண்ட விமானப் பயணம் முடிந்து வருபவருக்கு அன்று மாலையே வகுப்பு வைக்காதீர்கள்.

வந்தவர்களுக்கு ஒன்று பாக்கி. முகாமின் ஒவ்வொரு இரவும் தூங்கும் முன் அன்றைய நுட்பங்களில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: எந்தத் தாக்குதல், முதல் காலடி எங்கே, உகேயின் நிலை எப்போது குலைந்தது. ஒரு வாரம் கழித்து எழுதினால் பழைய டோஜோவின் இரிமி நாகேதான் காகிதத்தில் இறங்கும்.