வேலை போனால் இஎம்ஐ கட்டும் பாலிசி: நான் சறுக்கிய இடங்கள்

போன வாரம் சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு தம்பி ஹோம் லோன் ஃபைலோடு வந்தான். "ஜாப் லாஸ் கவர் சேத்துட்டேன் அண்ணா. வேலை போனாலும் இஎம்ஐய அவங்க கட்டிடுவாங்க" என்றான். ஒரு காலத்தில் நான் என் மனைவியிடம் அடித்த அதே பெருமை. ஓஎம்ஆரில் டெஸ்டிங் லீடாக இருந்து வேலை போய், பிறகு இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனவன் நான். ஆறு மாதச் செலவைச் சேர்த்து வை என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். நான் வேறு சில தவறுகளைச் சொல்கிறேன்.

அமெரிக்கா மாதிரி என்று நினைப்பது

அங்கே வேலை போனவருக்கு மாநில அரசின் காப்பீட்டில் வாராவாரம் பணம் வரும். இங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. ஹோம் லோன் பாலிசிக்கோ, விபத்து, தீவிர நோய் பாலிசிக்கோ வாலாகத்தான் ஜாப் லாஸ் கவர் வருகிறது. என்னுடையதில் மூன்று இஎம்ஐ, அவ்வளவுதான். மளிகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் ஒரு பைசா கிடையாது. புரொபேஷனில் இருப்பவருக்கும் சொந்தத் தொழில் செய்பவருக்கும் பொதுவாக அதுவும் கிடையாது.

கேட்டவுடன் பேப்பர் போடுவது, அதாவது ராஜினாமா எழுதுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சின்ன மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ஹெச்ஆர் பெண் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "ப்ராஜெக்ட் முடியுது சார். நீங்களே பேப்பர் போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் க்ளீனா வரும். அடுத்த கம்பெனில யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." இரண்டு மாதச் சம்பளம் தருவதாகவும் சொன்னார். எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. என்ன எழுதுவது என்று கேட்டேன். "சொந்தக் காரணங்களுக்காகன்னு போட்டுடுங்க சார்" என்றார். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

இஎம்ஐ 31,000 ரூபாய். க்ளெய்ம் போட்டால் ஒரே வரியில் பதில்: தானாக முன்வந்து ராஜினாமா செய்திருப்பதால் நிராகரிக்கப்படுகிறது. பாலிசியை எடுத்துப் பார்த்தால் 14ஆம் பக்கத்தில் அது தெளிவாகவே இருந்தது. நான் படிக்கவில்லை. 93,000 ரூபாய் இரண்டு சொல்லில் போயிற்று. அந்தக் கடிதத்தைச் சொல்லிக் கொடுத்தவர் இழந்தது ஒன்றுமில்லை.

ஆகவே, அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். ஆட்குறைப்பு என்றோ, அந்தப் பணியிடமே நீக்கப்பட்டது என்றோ கடிதம் கேளுங்கள். பதிலை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆபீஸ் லாகின் சாயங்காலமே போய்விடும். வேலைத்திறன் போதவில்லை என்று காரணம் போட்டிருந்தால் அதற்கும் க்ளெய்ம் வராது, எனவே வாசகத்தைப் படித்துப் பாருங்கள். சட்டப்படி 'தொழிலாளர்' வரையறைக்குள் வருகிறவருக்கு ஆட்குறைப்பு என்றால் வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாக உண்டு. ராஜினாமா எழுதினால் அதுவும் கை நழுவும்.

ப்ரீமியத்தை லோனோடு சேர்ப்பது

வீடு வாங்குகிற சந்தோஷத்தில் இருபது இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அதில் ஒன்று இது. 62,000 ரூபாய் ப்ரீமியத்தை 9% வட்டியில் 20 ஆண்டு லோனில் ஏற்றினால், கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 1,34,000 ஆகிவிடும். என் பாலிசியின் காலமோ 5 ஆண்டு. மீதி 15 ஆண்டு, இல்லாத பாலிசிக்கு வட்டி. எடுத்தால்தான் லோன் என்று சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

இஎஸ்ஐ இருப்பதை மறப்பது

அம்பத்தூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை. மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் உண்டு. 2018இல் வந்தது; சராசரி தினக்கூலியில் 25% என்று இருந்ததை 2020இல் 50% ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு முறை. குறைந்தது இரண்டு ஆண்டு இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும். அவ்வப்போது நீட்டிக்கப்படுகிற திட்டம், ஆகவே கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு இது இல்லை.

ஆபீஸ் மெடிக்கல் பாலிசியே போதும் என்பது

வேலையோடு அதுவும் போகும். அம்மா அப்பாவுக்குத் தனியாக எடுங்கள்.

முதல் மாதமே பிஎஃப்பை உடைப்பது

வேண்டாம். தொடர்ந்து 5 ஆண்டு சர்வீஸ் முடியாமல் எடுத்தால் பொதுவாக வரியும் உண்டு.

க்ளெய்மை மறுத்தால் சும்மா இருப்பது

முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நான் போகவில்லை. போயிருந்தாலும் என் கையெழுத்தையே எனக்குக் காட்டியிருப்பார்கள்.

சரி, அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பாலிசி கைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக ப்ரீமியம் திரும்ப வரும். என் டைனிங் டேபிளிலேயே உட்கார்ந்து ரத்துக் கடிதம் எழுத ஆரம்பித்தான். காரணம் என்ற இடம் வந்ததும் 'சொந்தக்' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனான். பேனாவைப் பிடுங்கிவிட்டேன்.