குடும்பப் பிரச்சினை பேச உட்காருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை, பட்டர்வொர்த் பக்கம் ஒரு வீட்டில் சண்டை முற்றினால் யாரும் நேராக வக்கீலிடம் போவதில்லை. கோயில் தலைவரிடம் போவார்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் போவார்கள், சொந்தத்தில் நாலு பேர் மதிக்கிற ஒரு மாமாவிடம் போவார்கள். அப்புறம் எங்களைப் போலத் தன்னார்வத்தில் பேச உட்காருகிறவர்களிடம் வருவார்கள். இப்போது இந்த வேலைக்கு இளையவர்கள் நிறைய வருகிறார்கள். நல்ல மனசோடு வருகிறார்கள். ஆனால் பழைய ஆட்கள் செய்து செய்து பல குடும்பங்களைப் புண்ணாக்கிய அதே தவறுகளை முதல் வாரத்திலேயே செய்கிறார்கள்.

கேட்டதை வெளியே சொல்லாதே, கோபப்படாதே, ஒரு பக்கம் சாயாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை இங்கே எழுதவில்லை.

காயத்தை மட்டும் தேடுவது

"அடிச்சாரா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. "இல்லை" என்று பதில் வந்ததும் புதியவர்களுக்கு ஒரு நிம்மதி. அடி இல்லை, அப்படியானால் சாதாரணச் சண்டை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண் என் எதிரில் பர்ஸைத் திறந்து காட்டினார். பத்து வெள்ளி நோட்டு ஒன்று, டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டை ஒன்று. ஏ.டி.எம். அட்டை மாமியாரிடம். டச் அண்ட் கோவில் பணம் போடுவது கணவர். எந்த நேரத்தில் எந்த டோல் தாண்டினார் என்று போனில் பார்ப்பதும் அவர்தான். அந்தப் பெண் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தன் தாய்க்கு ஒரு பாக்கெட் மாவு வாங்கித் தர அவர் அனுமதி கேட்க வேண்டும்.

ஆகவே பணத்தைப் பற்றிக் கேளுங்கள். சம்பளம் எந்தக் கணக்கில் விழுகிறது, அட்டை யார் கையில், ரகசிய எண் யாருக்குத் தெரியும், யார் பெயரில் கடன், வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் யாருடைய அடையாள அட்டை நகல் போயிருக்கிறது. சேமநிதியையும் கேளுங்கள். 2024 மே 11 முதல் இ.பி.எஃப்.பில் மூன்றாவது கணக்கு வந்துவிட்டது. மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் விழும். குறைந்தது 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்கு உதவட்டும் என்று வந்த ஏற்பாடு அது. மனைவியின் போனும் கடவுச்சொல்லும் கணவர் கையில் இருக்கிற வீட்டில் அது யாருடைய பணமாகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சேமநிதியில் எழுதிக் கொடுத்த வாரிசுப் பெயரும் முக்கியம். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரை மாற்றாமலே விட்டு, சாவு விழுந்த வீட்டில் மனைவியும் மாமியாரும் முகம் பார்க்காமல் நிற்பதை இங்கே பார்த்திருக்கிறோம்.

இருவரையும் எதிரெதிரே உட்கார வைப்பது

இன்றும் எனக்கு ஆறாத விஷயம் இது.

தம்பதி வந்ததும் இரண்டு நாற்காலி போட்டு, "ரெண்டு பக்கமும் கேட்போம், அதுதான் நியாயம்" என்று ஆரம்பிப்பார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் ஈடாக வாதாடக்கூடிய வீடு என்றால் சரி. தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போவது, பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது என்ற சண்டைக்கு அது போதும். ஒருவரைப் பார்த்து மற்றவர் பயப்படும் வீட்டுக்கு அது ஆகாது. அங்கே வாயைத் திறந்தால் வீட்டுக்குப் போனதும் கணக்குத் தீர்க்கப்படும்.

ஒரு கோயில் அலுவலக அறையில் புதிதாக வந்த தம்பி ஒருவர் பேச்சை நடத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன். "உங்களுக்கு என்ன வேணும்னு தயங்காம சொல்லுங்கக்கா" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் பதில் சொல்லுமுன் கணவரின் கையைப் பார்த்தாள். மேசையிலிருந்த கார்ச் சாவியை அவர் விரலில் மாட்டி ஒரு சுற்று சுற்றினார். "ஒண்ணும் இல்லைங்க, நான்தான் கொஞ்சம் கூடப் பேசிட்டேன்" என்றாள். அவளிடம் தனியாகப் பேசலாம் என்று நான் எழுந்தேன். "எங்களுக்குள்ள ஒளிவு மறைவு இல்ல" என்றார் கணவர். தம்பியும் அதற்குத் தலையாட்டினார்.

கடைசியில் ஒரு தாளில் எழுதினார்கள். மனைவி சொல்லாமல் தாய்வீட்டுக்குப் போகக் கூடாது. கணவர் கோபத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், தம்பி சாட்சி. படித்துப் பாருங்கள். அவள் மீறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். அவர் மீறினால் யார், எப்படி அளப்பது? அவளுக்கு விலங்கு, அவருக்கு ஒரு நல்ல எண்ணம். அந்தத் தாளைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார் கணவர். அவளுடைய அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது அவள் சொல்லாமல் பார்க்கப் போய்விட்டாள்; சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தத் தாளை வைத்து அவளைத்தான் கேட்டார்கள். அதன் பிறகு அவள் எங்களிடம் வரவே இல்லை. போன் எண்ணும் மாறிவிட்டது. தம்பி இன்னமும் அதை "பேசி முடிச்ச கேஸ்" என்றுதான் சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த இடத்தில் ஒரு பழமொழி தவறாமல் வரும்: ரெண்டு கை தட்டினால்தான் ஓசை. கன்னத்தில் அறை விழுந்தாலும் ஓசை வரும், அதற்கு ஒரு கை போதும்.

முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். முடிந்தால் வேறு வேறு நாளில். அவளிடம் ஒரு பெண் தன்னார்வலர் பேசட்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நீங்க முடியாதுன்னு சொன்னா வீட்ல என்ன நடக்கும்?" "ரெண்டு நாள் பேச மாட்டார்" என்றால் பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வைக்கலாம். "வேலைக்கு விட மாட்டார்", "பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவார்", அல்லது பதிலே வராமல் தலை குனிந்தால், கூட்டுப் பேச்சு வேண்டாம். எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று அவளையே கேட்டு வையுங்கள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் எதையும் எழுதி அனுப்பாதீர்கள்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், ஒருவர் மட்டும் மணவிலக்கு கேட்டு நீதிமன்றம் போகுமுன் சமரசக் குழுவிடம் போகச் சொல்கிறது. ஆனால் அதே 106ஆம் பிரிவு, விசேஷச் சூழ்நிலையில் அது தேவையில்லை என்று விதிவிலக்கும் வைத்திருக்கிறது. சட்டமே விட்டுக்கொடுக்கிற இடத்தில் கோயில் மண்டபத்தில் நாம் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்?

"போலிஸ்ல ரிப்போர்ட் போட்டா குடும்பம் உடைஞ்சிடும்" என்றும் சொல்லாதீர்கள். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு வாங்குவதால் திருமணம் முறிவதில்லை. மனத்தை வதைப்பதும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான். உடலுக்குத் தீங்கு வரும் என்ற பயம் இருந்தால் சமூக நல இலாகா அதிகாரியே 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். அதற்குப் போலிஸ் புகார் முன்கூட்டியே வேண்டும் என்றில்லை. உதவி கேட்டுக் கூப்பிடும் தாலியான் காசே 15999 எண் இரவு பகலாக இயங்குகிறது. பினாங்குத் தீவில் 1985 முதல் டபிள்யூ.சி.சி. பெண்கள் மையம் இருக்கிறது. நம்மால் தாங்க முடியாததை அங்கே அனுப்புவது தோல்வி ஆகாது.

பிள்ளையைத் தூது விடுவது

எந்தக் காரணத்துக்கும் கூடாது.

"பிள்ளை உனக்குக் கிடைக்காது" என்பதை நம்பிவிடுவது

வேலை இல்லாத தாயை அடக்க இதைவிட வசதியான மிரட்டல் இல்லை. கேட்கிற நாமும் "ஆமாம்மா, வருமானம் இல்லையே" என்று ஒத்து ஊதுகிறோம். 1999இல் திருத்தப்பட்ட சிறார் பாதுகாவலர் சட்டம் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தருகிறது. 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று 1976 சட்டம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்கிறது. மாற்றிச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பு நீதிபதி கையில் இருக்கிறது, கணவர் கையில் இல்லை. அவளிடம் அதைச் சொல்லுங்கள்.

திருமணம் பதிவு ஆகிவிட்டதா என்று கேட்காமல் பேச ஆரம்பிப்பது

தாலி கட்டியதைப் பார்த்த கண்கள் ஆயிரம் இருக்கலாம். தேசியப் பதிவு இலாகாவின் சான்றிதழை முதலில் பாருங்கள்.

மாமியாரை மட்டும் வில்லி ஆக்குவது

மாமியாரைத் திட்டினால் மருமகள் மனம் ஆறும், மகனுக்கும் வேலை மிச்சம். பிரச்சினை அப்படியே இருக்கும். ஏ.டி.எம். அட்டையை மாமியாரிடம் கொடுத்தது யார்? அந்த அம்மாவுக்குச் சொந்தமாக வருமானமும் இல்லை, வீடும் இல்லை. மகன் தருகிற இடம்தான் அவருடைய அதிகாரம். மகன் வாய் திறக்காதவரை அந்த இரு பெண்களும்தான் மோதிக்கொண்டிருப்பார்கள். ஆகவே மகனை உட்கார வைத்துக் கேளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வயதானவர்களைப் பேரப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாத ஆயாவாக வைத்து, மருந்து வாங்கக்கூடக் கெஞ்ச விடும் மகன்களும் மருமகள்களும் இருக்கிறார்கள். "பாட்டிக்கு எதுக்குத் தனியா காசு?" என்ற கேள்வியை எத்தனையோ வீடுகளில் கேட்டாகிவிட்டது.

"வீட்டை மகன் பேருக்கு எழுதிடுங்கம்மா, சண்டை தீரும்"

தீராது. 2023 ஏப்ரல் முதல் பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாகச் சொத்து மாற்றினால் முதல் 10 லட்சம் வெள்ளி வரை முத்திரை வரி இல்லை. செலவு குறைந்ததால் அவசரமும் கூடிவிட்டது. பெயர் மாறிய மறுநாளே அந்த வீட்டில் தாய் விருந்தாளி. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், மகன் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம், தாய்க்கென்று தனி வக்கீல். சாகும்வரை அங்கே குடியிருக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் அறையில் மகன் இல்லாத நேரத்தில், "உங்களுக்கு இதில் சம்மதமா?" என்று அந்த அம்மாவிடம் ஒருவர் கேட்க வேண்டும்.