ஷின்ஜுகு நிலையத்தில் வழி தவறாமல் இருக்க

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ரயிலை விட்டு இறங்கும் முன்பே எந்த வாசல் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள் இருக்கின்றன. வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நிச்சயம் சுற்ற வேண்டியிருக்கும்.

1885-இல் சிறிய நிலையமாகத் தொடங்கிய இடம் இது. பிறகு வெவ்வேறு கம்பெனிகள் தங்கள் பாதைகளைக் கொண்டுவந்து ஒட்டவைத்தன. இன்றும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே), ஒதாக்யு, கெய்யோ, இரண்டு மெட்ரோ நிறுவனங்கள் என ஐந்து பேர் இங்கே ரயில் ஓட்டுகிறார்கள். குழப்பத்துக்குக் காரணமே அதுதான்.

ஜேஆர் தண்டவாளங்கள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவுக்குக் கிழக்கு வாசல். மாநகர அரசுக் கட்டடத்துக்கும் வானளாவிய கட்டடங்களுக்கும் மேற்கு வாசல். வெளியூர் பஸ் பிடிக்கத் தெற்குப் பக்கம் போங்கள், பஸ் நிலையம் அங்கே தண்டவாளங்களுக்கு மேலேயே இருக்கிறது.

சரி, தப்பான பக்கம் வந்துவிட்டால்? 2020 ஜூலையில் திறந்த கிழக்கு மேற்கு நடைபாதையில் டிக்கெட் இல்லாமலே குறுக்கே நடக்கலாம். பயணிகளுக்கு இது பெரிய உதவி. அப்புறம், செய்பு என்ற இன்னொரு ரயில் கம்பெனியின் செய்பு ஷின்ஜுகு என்பது தனி நிலையம், வடக்கே சில நிமிட நடை. அந்த ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.